குவியல் தீரும்வரை

கிதான் ஸாபோ,
கால்மி பக்கம்.
2003 மார்ச் 2

என் அப்பா வீட்டு அடிமையும், அவரைக்காய்த் திருடனும், கடலைப் பார்த்ததும் ஊரை மறந்தவனுமாகிய தாங்கோவுக்கு,

உன் எஜமானி லராபா எழுதுவது. களைப்பு எப்படி? வெயில் எப்படி? கூடத் தங்கியிருப்பவர்கள் எப்படி? உன் சோம்பல் சுகமாக இருக்கிறதா? இங்கே எல்லோரும் இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பெற்ற பிள்ளையை நினைக்கும்போது மட்டும் கொஞ்சம் ஏறுகிறதாம்.

நீ இருக்கும் அபிஜான் பக்கம் சண்டை மூண்ட பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நாட்டின் வடக்கு ஒருவன் கையில், தெற்கு ஒருவன் கையில் என்று ரேடியோ சொல்கிறது. செத்தவர்கள் பெயரை ரேடியோ சொல்வதில்லை என்று இசாக்கா அண்ணன் அத்தையிடம் சொல்லிவிட்டான். அதிலிருந்து அத்தை ரேடியோப் பக்கமே வருவதில்லை. லாரி ஓட்டும் காதோ கானா வழியாகச் சுற்றிக்கொண்டு அபிஜான் வரை போய்ப் பார்க்கிறேன் என்கிறான். துணி மூட்டைதான் ஏற்றுகிறான். அத்தனை தூரம் சுற்றினால் வெங்காயம் தாங்காதாம். அவன் சட்டைப்பையில் இந்தக் கடிதம் வருகிறது. உன்னைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தால் அவனுக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடு, கஞ்சப் பயலே.

இனி வெங்காயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் ஓடைக்கரையில் விளைந்ததுபோல் எந்த வருஷமும் விளைந்ததில்லை. அப்பா விட்டுப்போன துண்டு நிலத்தில் நான் ஒருத்தி போட்டது மட்டுமே முற்றத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. நல்ல ஊதா, கைக்கு அடங்காத பருமன். பார்த்தால் உனக்கே கண்ணீர் வரும். கால்மிச் சாலையில் இந்நேரம் லாரிகள் வரிசை கட்டி நின்றிருக்க வேண்டும். இப்போது அங்கே நாய் படுத்துத் தூங்குகிறது. அபிஜானுக்குப் போகும் வழி அடைபட்டதும், வாங்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போய்விட்டார்கள்.

ஆகவே தின்கிறோம். காலையில் வெங்காயம், மதியம் கம்பங்களிக்கு வெங்காயச் சாறு, ராத்திரி முருங்கைக்கீரையும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்து அதன்மேல் வெங்காயம். ஆட்டுக்குப் போட்டோம், பால் நாறுகிறது. குர்ஆன் ஓதுகிற பிள்ளைகள் சோறு கேட்டு வருவார்கள் இல்லையா, அவர்கள் இப்போது என்னைத் தூரத்தில் கண்டாலே வேறு சந்தில் திரும்பிவிடுகிறார்கள். ஒருநாள் காலையில் கதவைத் திறக்கிறேன், வாசலில் ஒரு மூட்டை. திருடன் என்றால் எடுத்துக்கொண்டு போவான் என்றுதான் இதுவரை கேட்டிருக்கிறேன். நம் ஊரில் இப்போது கொண்டுவந்து போட்டுவிட்டு ஓடுகிறார்கள். அந்த மூட்டையை நானும் விடியுமுன் அடுத்த வீட்டு வாசலில் போட்டுவிட்டு வந்தேன் என்பதை யாரிடமும் சொல்லாதே.

இந்தக் கடிதத்தை உன் அறையில் வெளிநாட்டான் எவனாவது படித்துவிட்டு முகம் சுளித்தால், என் சார்பில் சொல்: நீ அத்தை மகன், நான் மாமன் மகள், எங்கள் ஊரில் இந்த முறைக்காரர்கள் திட்டித்தான் பேசுவார்கள், கோபித்துக்கொள்கிறவன்தான் தோற்றவன், இவர்கள் இருவரும் மரியாதையாகப் பேசிக்கொண்டால் வீட்டில் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம்.

உயிரோடிருந்தால் பதில் போடு.

உன்னை வாங்கவும் விற்கவும் உரிமையுள்ள,
லராபா


அட்ஜாமே, அபிஜான்.
2003 மார்ச் 27

கணவன் வீட்டிலிருந்து தன் வாயாலேயே துரத்தப்பட்டவளும், ஆட்டுப் பாலைக் கெடுத்தவளும், என் தாத்தா ஒரு பிடி உப்புக்கு வாங்கிய அடிமையுமான லராபாவுக்கு,

உன் எஜமான் தாங்கோவின் ஆசி. இருக்கிறேன். காதோ வந்து கூப்பிட்டபோது மத்தியானத் தூக்கத்தில் இருந்தேன். கடிதத்தை நீட்டிவிட்டு, "உங்க மாமன் மக குடுத்தா, திறக்கும்போது முகத்தைத் தள்ளி வச்சுக்கோ, கடிச்சிடும்" என்று சொன்னான். அவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை போடாமல்.

அம்மாவிடம் நான் கொழுத்துவிட்டேன் என்று சொல். உனக்கு மட்டும் உண்மை: வெங்காயக் கிடங்கு காலியாகக் கிடக்கிறது. மூட்டை தூக்கியவர்கள், பிரித்துப் போட்டவர்கள், விலை கூவியவர்கள் எல்லோரும் சீட்டு விளையாடுகிறோம். எங்கள் முதலாளி, கப்பலில் வந்த வெள்ளைக்காரன் நாட்டு வெங்காயத்தை விற்கச் சொல்கிறார். மஞ்சளாக, வழவழவென்று இருக்கிறது. உரித்தால் தண்ணீர். ருசி பார்த்தால் அதுவும் தண்ணீர். கால்மிக்காரன் அதை உட்கார்ந்து கூவி விற்கிறான். இங்கிருக்கும் பெண்கள் என் முகத்தைப் பார்த்து, "ஏம்ப்பா, நம்ம ஊதா எங்கே?" என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல? எங்கள் ஊரில் ஆடு தின்கிறது என்று சொல்லவா?

உன் வீட்டு முற்றத்தில் அழுகுவது இங்கே கைக்குக் கிடைக்காத பொருள். இதை நினைத்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நேற்று ஒருவன் பழைய கோணி ஒன்றைத் தட்டினான். உள்ளிருந்து நம் ஊர் வெங்காயத் தோல் கொஞ்சம் உதிர்ந்தது. அதை நான் பொறுக்கினேன். எதற்கென்று கேட்காதே.

ஊருக்கு வா என்று நீ எழுதவில்லை. ஆனாலும் சொல்கிறேன், வர முடியாது. சோதனைச் சாவடியில் ஒருவன் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான், அந்நியன் என்றான், என் கண்ணெதிரே கிழித்துப் போட்டான். அது இருந்தாலும் எப்படி வருவேன்? அபிஜான் போய்வந்தவன் அம்மாவுக்குத் துணி, பெரியவர்களுக்குத் தொப்பி, தெருவுக்கெல்லாம் ரொட்டி கொண்டுவர வேண்டும். வெறுங்கையோடு வந்தால் நீதான் முதலில் கை தட்டிச் சிரிப்பாய். அந்தச் சுகத்தை உனக்குத் தருவதாக இல்லை.

போன வருஷம் ஒட்டகக்காரனைக் கட்டிக்கொள்ளப் போவதாக எழுதினாயே, அவன் என்ன ஆனான்? அதற்கு முந்தைய வருஷத்துக் கிணறு வெட்டுகிறவன்? ஒருவரும் தப்பித்து ஓடாமல் கட்டிப் போட்டு வை. வெங்காயம் தின்ன ஆள் வேண்டும்.

உன்னை யாரும் ஓசியில்கூட வாங்க மாட்டார்கள் என்று வருந்தும்,
தாங்கோ


கிதான் ஸாபோ.
2003 ஏப்ரல் 16

பொய்யனும், கோணி பொறுக்கியும், மூக்கு மட்டும் வளர்ந்தவனுமாகிய அடிமைக்கு,

நீ கொழுத்துவிட்டாய் என்று அத்தையிடம் சொன்னேன். நம்பவில்லை. கடிதத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது என்பதால்தான் அந்தத் தண்ணீர் வெங்காயக் கதை தப்பித்தது.

இந்தக் கடிதத்தோடு ஒரு சிறு மூட்டையும் காதோ கொண்டுவருவான். வழியில் வேறு லாரியில் கைமாற்றினால் மூட்டை பின்னால் வரும், பதறாதே. பச்சை வெங்காயம் உன்னை வந்து சேராது என்று தெரியும். அதனால் வட்ட வட்டமாய் அரிந்து, கூரைமேல் பாய் விரித்துக் காய வைத்தேன். வெங்காயத்தாளை உரலில் இடித்து, புளிக்க விட்டு, உருண்டை பிடித்தேன். அத்தனையும் கொட்டிக் காயவைக்கக் கூரை போதாமல் பக்கத்து வீட்டுக் கூரையிலும் ஏறினேன். காலையிலிருந்து மாலைவரை அரிவாள்மனையும் நானும்தான். ஊரில் மற்ற பெண்களும் அப்படித்தான். எங்கு போனாலும் டொக் டொக் என்று உரல் சத்தம். வானத்திலிருந்து பார்த்தால் எல்லாக் கூரையும் ஊதாவாகத் தெரியும் என்று அண்ணன் சொன்னான்.

அப்படியும் குவியல் குறையவில்லை. ஒருநாள் அதிலிருந்து ஒரு வாடை. அப்போதுதான் கோன்னியிலிருந்து ஹாஜி லாபோ வந்தார். வெங்காயக் கிடங்கு வைத்திருக்கிறாரே, அவர்தான். வயசானவர் இல்லை, மனைவி இறந்து இரண்டு மழை போய்விட்டது. விதை விசாரிக்க வந்தவர், குவியல் பக்கத்தில் குந்தி, முழங்கைவரை கையை உள்ளே விட்டுப் பார்த்தார். "உள்ள சூடாயிருக்கும்மா. பிரிச்சுப் பரப்புங்க, இல்லேன்னா நடுவுலேருந்து போயிடும்" என்றார். என்னைப் பார்த்து 'பரப்புங்க' என்றார். இந்த வீட்டில் ஆடுகூட என்னை மரியாதையாகப் பார்த்ததில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் சுளகைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுவாரமும் வந்தார். அவருடைய கிடங்குகள் கம்பந்தட்டையால் பின்னி, தரையிலிருந்து தூக்கிக் கட்டியவை. நாலு பக்கமும் காற்று வருமாம். என் வெங்காயத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம், வாடகை வேண்டாம் என்றார். அண்ணன் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனான். வெளியே வந்தபோது அண்ணன் முகத்தில் சிரிப்பு. விஷயம் புரிந்திருக்கும், உனக்கு அறிவு இருந்தால்.

அண்ணன் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒருமுறை வாழ்ந்து திரும்பியவள், இரண்டாவது முறை அவளே பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டான். நான் ஹாஜியிடம் சொன்னேன்: "என் வெங்காயம் தீரட்டும், அப்புறம் பதில் சொல்றேன்." அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நான் யாருக்கும் ஒரு வெங்காயம் கொடுப்பதில்லை, தாங்கோ. அண்ணன் தலையில் அடித்துக்கொள்கிறான். "நேத்துவரை வீடு வீடா தூக்கிட்டுப் போய்க் கெஞ்சினே. இன்னிக்கு ஒருத்தி வந்து குழம்புக்கு ரெண்டு கேட்டா இல்லேங்கிறே. பைத்தியமா உனக்கு?" என்கிறான். தினமும் காலையில் ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்க்கிறேன். மிருதுவானதை எடுத்து அரிகிறேன். கெட்டியானதை ஒன்றோடொன்று முட்டாமல் திரும்ப வைக்கிறேன். ஊரில் எல்லோரும் சீக்கிரம் தீரட்டும் என்று தின்கிறார்கள். நான் ஒருத்தி தீரக்கூடாது என்று காத்துக்கொண்டிருக்கிறேன். முதல் மழை விழுந்தால் ஈரத்தில் நிற்காது. அதுவரைதான் என்னால் இழுக்க முடியும்.

அத்தைக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளே சொன்னாள்: "அவன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டும். மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

இதைத் திட்டில்லாமல் எழுத எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் வேறு மாதிரிப் பேசி நான் பழகவில்லை. ஆகவே, அடிமையே, எலும்புப் பொறுக்கியே, துணியும் தொப்பியும் ரொட்டியும் இல்லாமலே வா. கை தட்டிச் சிரிக்க மாட்டேன். முறைக்காரனாகப் படியில் குறுக்கே படுத்து வாசல் மறிக்க வேண்டுமென்றால் கல்யாணத்தன்று வராதே, அதற்கு முன்னால் வா.

உன் எஜமானி,
லராபா


அட்ஜாமே.
2003 மே 9

ஒட்டகக்காரனையும் கிணறு வெட்டுகிறவனையும் மோசம் செய்துவிட்டு இப்போது ஒரு ஹாஜியையே வளைத்துப் போட்ட மாயக்காரிக்கு,

உன் எஜமான் தாங்கோ வாழ்த்துகிறேன். வருஷத்துக்கு வருஷம் உன் மாப்பிள்ளைகள் தேறிக்கொண்டே வருகிறார்கள். இந்த வருஷத்து ஆள் மெக்காவே போய் வந்தவர். இந்த முறை நன்றாகக் கட்டியிருக்கிறாய், ஒரு நிமிஷம் நான் நம்பியே விட்டேன். கையைக் குவியலுக்குள் விட்டார், 'பரப்புங்க' என்றார், அதெல்லாம் அபாரம். அம்மாவைக்கூட நாடகத்தில் சேர்த்துக்கொண்டாயே, அதுதான் உச்சம். கூடத் தங்கியிருப்பவர்களுக்குப் படித்துக் காட்டினேன். ஊர்ச் செய்தி கேட்டு வெகுநாளாயிற்று என்று மறுபடி படிக்கச் சொன்னார்கள்.

கழுதைப்புலி வருது, கழுதைப்புலி வருது என்று சொல்லிக்கொண்டே இரு. நிஜமாகவே ஒருநாள் வந்தால், கவலைப்படாதே, வாசலை மறிக்க நான் வருவேன். அத்தை மகன் குறுக்கே படுக்காமல் மணப்பெண் படி தாண்டினால் அது கல்யாணமா? உன் முதல் கல்யாணத்தில் நான் படுத்தேனே, ஞாபகமிருக்கிறதா? சேவல் கொடுத்தார்கள், எழுந்திருக்கவில்லை. மெல்லுகிற கோலா கொட்டை கொடுத்தார்கள், எழுந்திருக்கவில்லை. கடைசியில் இசாக்கா வந்து என் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ஊர் முழுக்கச் சிரித்தது. ஹாஜியிடம் சொல்லி வை, சேவலெல்லாம் இந்த முறை நடக்காது. ஒரு லாரி வெங்காயம் கொடுத்தால்தான் புரண்டு படுப்பேன்.

நீ அனுப்பிய மூட்டை இன்னும் வந்து சேரவில்லை. காதோ வேறொருவன் லாரியில் மாற்றினானாம். அந்த மூட்டை நிஜமா, இல்லை அதுவும் ஹாஜி கதை மாதிரிதானா?

குவியலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். சீக்கிரம் தீர்ந்துவிட்டால் பாவம் நீ, பேச்சு மாறாமல் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டியதாகிவிடும்.

வயிறு வலிக்கச் சிரித்த,
தாங்கோ


கிதான் ஸாபோ.
2003 ஜூன் 1

தாங்கோவுக்கு,

சலாம். இங்கு எல்லோரும் நலம். அத்தை நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். குவியலில் கால்வாசி மீதி இருந்தது, நல்ல நிலையில்தான் இருந்தது. அன்று சாயங்காலமே கதவைத் திறந்து வைத்து, தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன். முற்றத்தைக் கூட்டினேன்.

ஹாஜிக்குச் சம்மதம் சொல்லியாயிற்று. இந்த மாதம் கடைசி வெள்ளிக்கிழமை கல்யாணம்.

அங்கே நிலைமை சரியில்லை என்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

லராபா


கானா எல்லையில், ஒரு தேநீர்க் கடை.
2003 ஜூன் 22

லராபா,

காதோ உன் கடிதத்தைக் கொடுத்தான். பிரித்தேன். முதல் வரியில் திட்டு இல்லை. யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து, அம்மா பேரைத் தேடினேன். நலம் என்றிருந்தது. அப்புறம் மறுபடி முதலிலிருந்து படித்தேன். நீ எழுதிய பழைய கடிதத்தை எடுத்து அதையும் படித்தேன். அத்தனையும் நிஜம் என்று அப்போதுதான் உறைத்தது. சிரித்துக்கொண்டே பிறருக்குப் படித்துக் காட்டிய வாய் இது.

அந்த வாரம்தான் உன் மூட்டையும் வந்தது. அவிழ்த்ததும் அறையில் இருந்தவர்கள் எழுந்து மூட்டையைச் சுற்றி வந்தார்கள். ஒருவன், "எங்க அம்மா அடுப்படி" என்றான். ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டேன். சுருண்டு கிடந்தது மெல்ல மெல்ல விரிந்து பழையபடி வெங்காயமாயிற்று. உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நீ வேண்டும், லராபா. ஊரை விட்டு வந்த நாளிலிருந்து வேண்டும். கையில் நாலு காசு சேர்ந்தபின் கேட்கலாம் என்றிருந்தேன். காசு சேரவில்லை, கேட்கிற தைரியமும் வரவில்லை, கேலி மட்டும் கைவசம் இருந்தது.

உன் முதல் கல்யாணத்தில் சேவலுக்கும் கோலாவுக்கும் எழுந்திருக்காமல் கிடந்தேனே, அன்று நான் விளையாடவில்லை. உள்ளே நீ போகக்கூடாது என்றுதான் கிடந்தேன். அத்தை மகன் வாசலில் கிடந்தால் யார்தான் நிஜம் என்று நினைப்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் முக்காட்டுக்குள் சிரித்தாய். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது.

மெத்தையையும் வானொலியையும் விற்றுவிட்டு நேற்று காதோவின் லாரியில் ஏறினேன். துணியில்லை, தொப்பியில்லை, ரொட்டியில்லை, நீ சொன்னபடியே. எல்லையில் அட்டை கேட்டார்கள். அட்டை இல்லை என்று இறக்கிவிட்டார்கள். காதோ நின்று கெஞ்சிப் பார்த்தான். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன, அவன் போயாக வேண்டும். இந்தத் தாள் அவனோடு வருகிறது. நான் இங்கே நிற்கிறேன். காட்டு வழி ஒன்று இருக்கிறதாம், தெரிந்தவன் கிடைத்தால் அதில் வருவேன்.

நான் வந்து சேரும்வரை கல்யாணத்தை நிறுத்தி வை. அம்மாவிடம் சொல், நான் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன் என்று.

தாங்கோ


கோன்னி.
2003 ஜூலை 13

என் அப்பா வீட்டு அடிமையும், லாரியிலிருந்து இறக்கிவிடப்பட்ட மூட்டையும், உலகத்திலேயே மெதுவாகப் புரிந்துகொள்கிறவனுமாகிய தாங்கோவுக்கு,

உன் எஜமானி லராபா எழுதுவது. களைப்பு எப்படி? மழை எப்படி? காட்டுவழியில் முள் எப்படி? நீ திரும்பவும் அட்ஜாமேவுக்கே போய்விட்டாய் என்று யாரோ காதோவிடம் சொன்னார்களாம். அங்கேயே இரு. காட்டு வழியில் வராதே. போனவர்கள் எல்லோரும் வந்து சேர்வதில்லை.

உன் கடிதம் இந்த வீட்டுக்கு நான் வந்த பிறகு வந்தது. காதோ கிதான் ஸாபோவில் அத்தையிடம் கொடுத்து, அத்தை முழங்கால் வலியோடு சந்தை வண்டியில் ஏறி, தானே இங்கே கொண்டுவந்தாள். யாரிடமும் கொடுத்தனுப்ப அவளுக்கு மனசில்லை. நான் படித்து முடிக்கும்வரை என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். "என்ன எழுதியிருக்கான்?" என்றாள். "வழக்கம்போலக் கேலிதான், அத்தை" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சிரிப்பா எழுதியிருக்கானா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

அது கேலிதான், தாங்கோ. நான் அப்படித்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். நீயும் அப்படியே வைத்துக்கொள். கேலி என்றால் நீ எனக்குச் சாகும்வரை எழுதலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், நானும் எல்லோர் முன்னாலும் பதில் எழுதலாம். நிஜம் என்றால் இதுதான் கடைசி. இன்னொருவர் வீட்டில் இருந்துகொண்டு அந்த மாதிரிக் கடிதத்தை நான் பிரிக்க முடியாது. எனக்கு உன் கடிதம் வேண்டும். அதனால் யோசித்து யோசித்து இப்படி முடிவு செய்தேன். என்னை மன்னிக்க வேண்டாம், திட்டு. நன்றாகத் திட்டி எழுது. அடுத்த கடிதத்தில் முதல் வரியில் மூன்று திட்டாவது இல்லையென்றால் அடுப்பில் போட்டுவிடுவேன்.

அவர் நல்லவர். அவர் பெயரை இனி நான் சொல்லக்கூடாது, அது உனக்குத் தெரியும். சத்தம் போடுவதில்லை. வெங்காயத்தைத் தொடுகிற மாதிரியே எல்லாவற்றையும் தொடுகிறார். கிடங்கில் நாலு பக்கமும் காற்று வருகிறது, இங்கே ஒன்றும் அழுகுவதில்லை. கேலி மட்டும் தெரியாது. ஏதாவது சொன்னால், அப்படியா என்று கேட்டுக்கொண்டு யோசிக்கப் போய்விடுகிறார்.

ஒன்று நினைத்துப் பார்த்தேன். நீ முன்னாலேயே வந்து, நான் உன்னைக் கட்டியிருந்தால், உன் பெயரை என் வாயால் ஒருமுறைகூடச் சொல்லியிருக்க முடியாது. பிள்ளைகளின் அப்பா என்றோ, வீட்டுக்காரர் என்றோ சொல்லிக்கொண்டு காலம் போயிருக்கும். இப்போது யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்லலாம். தாங்கோ. தாங்கோ என்ற அடிமை. நேற்று புடைக்கும்போது சும்மாவே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்பாய். சமையல் நன்றாக இருந்தது. யார் வீட்டு வெங்காயமோ, நிறையப் போட்டிருந்தார்கள். சாயங்காலம் பெண்கள் பாடிக்கொண்டே என்னை இந்த வீட்டு வாசலுக்குக் கூட்டிவந்தார்கள். படியருகில் வந்ததும் நின்றார்கள். அங்கே நிற்பதுதானே வழக்கம். பாட்டை இரண்டு தரம் திருப்பிப் பாடினார்கள். முக்காட்டுக்குள்ளிருந்து நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் அப்போது எங்கோ வழியில் வந்துகொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. ஆனாலும் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பதற்கென்று ஒரு சேவலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வாங்க ஆளில்லை. பிறகு யாரோ, சரி, நேரமாகிறது என்றார்கள். படி காலியாகக் கிடந்தது. நான் உள்ளே போனேன்.

உன் எஜமானி,
லராபா